பக்கத்து நாற்காலி

சனிக்கிழமையிலிருந்து நீங்கள் இந்தக் கணினி வகுப்பை எடுக்கப் போகிறீர்கள். எனக்கு முட்டி போய்விட்டது. கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் வரை நடந்து, அந்த மாடிப்படியையும் ஏறுவது இனி என்னால் ஆகாது. ஆகவே இரண்டாம் தடவையாக ஓய்வு பெறுகிறேன். முதல் தடவை வங்கியில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். இந்தத் தடவை நம் ஒருங்கிணைப்பாளர் கதிரேசன் பொன்னாடை போர்த்தலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பான். அந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள்.

பாடத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. வங்கியில் நான் மென்பொருள் எழுதிய காலத்துச் சமாசாரங்களை இப்போது அருங்காட்சியகத்தில்தான் வைக்க வேண்டும். உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் நல்ல மனசுக்காரர்களும்கூட, இல்லாவிட்டால் சனி, ஞாயிறு வீட்டில் தூங்காமல் முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வருவீர்களா? அந்த நல்ல மனசைப் பற்றித்தான் பேச வேண்டும். எனக்கு இப்போது அதைக் கண்டால் பயமாக இருக்கிறது.

முதலில் ஒரு சின்ன விஷயம். வகுப்பு தொடங்கிய புதிதில் செந்தூலிலிருந்து ஒரு தம்பி சக்கர நாற்காலியில் வந்தான். நம் இடம் கடைவீட்டு மாடியில். கீழே பூக்கடை, மேலே நாம், மின்தூக்கி கிடையாது. அதற்கென்ன, நாங்கள் இல்லையா என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்து நாற்காலியோடு அவனைத் தூக்கிக்கொண்டு வந்தோம். பூக்கடை அக்காகூட ஓடி வந்து ஒரு கை கொடுத்தார். அதைப் படம் எடுத்துப் போட்டோம். எத்தனை பேர் பாராட்டினார்கள் தெரியுமா! யாரையும் விட்டுவிடாத வகுப்பு என்று பெயர் வாங்கியது அந்தப் படத்தால்தான்.

ஒரு நாள் அவன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நான் கூப்பிட்டுத் திட்டினேன், பாதியில் விட்டால் என்ன அர்த்தம் என்று. கொஞ்சம் தயங்கிவிட்டு, "வகுப்புக்கு வர்ற அன்னிக்கு எந்திரிச்சதுலேருந்து தண்ணியே குடிக்க மாட்டேன் மிஸ். கக்கூஸ் கீழ இருக்கு. ஒவ்வொரு தடவையும் எப்படித் தூக்கச் சொல்றது?" என்றான். அவ்வளவுதான், அப்புறம் அவன் வரவேயில்லை. தூக்கியதைப் பற்றி ஊரெல்லாம் பேசினோம். கீழ்த்தளத்தில் ஓர் அறை பார்க்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கும் வகுப்பு மாடியில்தான் நடக்கிறது.

இதிலிருந்து நாங்கள் பாடம் படித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். படித்திருந்தால் தேவகி கதை வந்திருக்காது.

நம் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். யாரும் தனியாக உட்காரக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத்து நாற்காலி. ஒருவர் தட்டெழுத வேண்டும், பக்கத்து நாற்காலிக்காரர் திரையைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஆங்கிலம் தடுமாறுகிறவருக்கு அது தெரிந்தவர் பக்கத்தில். பிள்ளை பெற்றுப் பத்து வருஷம் வீட்டிலிருந்துவிட்டு வந்த அம்மாவுக்கு நேற்றுப் பள்ளி முடித்த பெண் பக்கத்தில். சாப்பாடும் அப்படித்தான், ஒருவர் வாங்கி வந்த நாசி லெமாக் பொட்டலம் இருவருக்கு. வேறு எங்கேயும் இப்படி ஒரு வகுப்பு கிடையாது என்று நான் பெருமை பேசாத ஆளில்லை.

தேவகி கிள்ளான் பெண். பள்ளிக்கூட வயதில் ஒரு காய்ச்சலில் பார்வை முழுதும் போயிற்று. பிரிக்பீல்ட்ஸில் கால் பிடித்துவிடும் கடை ஒன்றில் வேலை பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே ரயில் என்பதால் எனக்குப் பழக்கம். ஒரு நாள் ரயிலில் அவள் கைப்பேசியைக் காதில் வைத்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டா என்றேன். இல்லை மிஸ், புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கும் பாடம் என்றாள். அந்த வாரமே வகுப்புக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவளுக்கு என்ன வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பமே இருந்ததில்லை. "நாள் பூரா அடுத்தவங்க கால்தான் மிஸ். பேரு தெரியாது, முகம் தெரியாது, கால் மட்டும் தெரியும்," என்பாள். "எனக்கு நாற்காலியில உக்காந்து செய்ற வேலை வேணும். குட்டை ஸ்டூல்ல குந்திக் குந்தி இடுப்பு போச்சு."

நான் பல பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவளைப் போல ஒருத்தியைப் பார்த்ததில்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று இருக்கிறதே, ஸ்கிரீன் ரீடர், அதைக் கடலை வறுபடுகிற வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாள். எனக்கு ஒரு சொல் பிடிபடாது. நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடுகிற பிழையை அவள் இரண்டு தடவை கேட்டுவிட்டு, இங்கே பாருங்கள் என்பாள். சரியாக அங்கே இருக்கும்.

அவளுக்குப் பக்கத்து நாற்காலி பஷீர். மஸ்ஜித் இந்தியாவில் அவன் அத்தாவுக்குத் துணிக்கடை. நாள் முழுக்கச் சேலையை விரித்துக் காட்டி மடித்து வைத்துவிட்டு, வாரக் கடைசியில் இங்கே வருவான். வாய் ஓயாது. பொறுமை மட்டும் மலையளவு, துணிக்கடைக்காரனுக்கு அது இல்லாமல் எப்படி? ஸ்கிரீன் ரீடர் எல்லாவற்றையும் வாசித்துவிடாது. பக்கத்தை எழுதியவன் பொத்தானுக்கு ஒரு பெயர் வைத்திருந்தால்தான் அது பெயர் சொல்லும். பெயர் வைக்காமல் வெறும் படமாகப் போட்டுவிட்டுப் போனால், பட்டன் என்று மட்டும் சொல்லும். எந்தப் பட்டன், எதற்குப் பட்டன், அதற்குத் தெரியாது. அப்படி வரும்போதெல்லாம் பஷீர் கை நீட்டிவிடுவான். "தேவகிக்கா, அது பச்சை. அமுக்கிட்டேன், நீங்க மேல போங்க." அதை எல்லாரும் பார்த்தோம், படம்கூட எடுத்துப் போட்டோம், எல்லாருக்கும் மனசு குளிர்ந்தது.

பிறகு ஒரு நிறுவனம் வந்தது. பெயர் வேண்டாம். வகுப்பைப் பார்த்தார்கள், தேவகி வேலை செய்கிற வேகத்தைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். அவளை எடுத்துக்கொள்கிறோம், முதலில் சோதனைக் காலம், நன்றாகச் செய்தால் நிரந்தரம் என்றார்கள். அடுத்த சுற்றில் நம் வகுப்பிலிருந்தே இன்னும் நான்கு பேர் என்றும் சொன்னார்கள். பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது நான். கால் பிடிக்கும் கடையை விட்டுவிட்டு அவள் போனாள். முதல் நாள் மதியம் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. "மிஸ், நாற்காலி சுத்துது," என்றாள். நான் தொலைபேசியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள்.

அந்த அலுவலகத்தில், எழுதிய மென்பொருளை வெளியே அனுப்புவதற்கு முன்னால் ஒரு பக்கத்துக்குப் போய்ச் சரிபார்த்துவிட்டேன் என்று அமுக்க வேண்டும். அவர்களே வீட்டுச் சமையலாகச் செய்துகொண்ட பக்கம். வரிசையாகக் கலர் கட்டங்கள், ஒன்றுக்கும் பெயர் கிடையாது. தேவகியின் காதில் அது பட்டன், பட்டன், பட்டன் என்றுதான் விழுந்தது. பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டிருக்கிறாள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் எல்லார் காதிலும் ஹெட்போன். தோளைத் தொட்டால், "கெஜாப் ஆ, தேவகி, இத முடிச்சிட்டு வரேன்" என்பார்களாம். அந்த ஒரு நொடிக் கெஜாப் ஒரு நிமிஷமாகவும் இருக்கும், ஒரு மத்தியானமாகவும் இருக்கும். முறைப்படி புகார் போட்டாள். அதை டிக்கெட் என்பார்கள், உங்களுக்குத் தெரியும். அவசரமில்லாதது என்று குறித்து வைத்துவிட்டார்கள். ஒருத்திக்கு மட்டும்தானே கஷ்டம்.

அவள் என்ன செய்தாள்? வகுப்பில் பழகியதைச் செய்தாள். பஷீரைக் கூப்பிட்டாள். அவன் வகுப்புக்கு வர முடியாத வாரங்களில் கடையிலிருந்தே இணையம் வழியாக அவள் கணினிக்குள் நுழைந்து உதவுவான், அதே வழியை அலுவலகக் கணினியிலும் திறந்துவிட்டாள். முதல் வாரத்திலிருந்தே இப்படி நடந்திருக்கிறது. அவள் எழுதி முடிப்பாள். அவன் சேலைக் குவியலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, கைப்பேசியில் அந்தப் பச்சைக் கட்டத்தை அமுக்கிவிட்டு, "போயிருச்சு தேவகிக்கா" என்பான். வாடிக்கையாளர் கூப்பிடுவார், ஓடுவான்.

உங்கள் முகம் மாறுகிறது, தெரிகிறது. ஒரு நிறுவனத்தின் கணினிக்குள் வெளியாள் நுழைவது எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் இருவருக்கும் தெரியாதா? பாடத்தில் நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் பஷீரை அவள் வெளியாளாக நினைக்கவே இல்லை. பக்கத்து நாற்காலிக்காரன் எப்படி வெளியாளாவான்? இந்தத் தப்பை வேறு எந்த வகுப்புப் பிள்ளைகளும் செய்திருக்க மாட்டார்கள். நம் பிள்ளைகளால்தான் முடியும்.

இதில் பெரிய கொடுமை இன்னும் பாக்கியிருக்கிறது. சில வாரங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் தேவகி தானே சரிசெய்ய உட்கார்ந்தாள். கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், அவ்வளவுதான் வேலை. உணவு இடைவேளையில் எழுதி முடித்துவிட்டாள். அவள் குழுவின் தலைவர் பார்த்து நன்றாக இருக்கிறது, அனுப்பு என்றும் சொல்லிவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே. அதை அனுப்ப அதே பக்கத்துக்குப் போய் அதே பச்சைக் கட்டத்தைத்தான் அமுக்க வேண்டும். பஷீரைக் கூப்பிட்டாள், இதுதான் கடைசித் தடவை, இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று சொல்லி. அன்றைக்குத்தான் பாதுகாப்புப் பிரிவு பிடித்தது. பஷீர் கட்டத்தை அமுக்கும் முன்னாலேயே அவள் கணினி அணைந்துபோனது.

வகுப்புக்கு மின்னஞ்சல் வந்தது. கையெழுத்துப் போட்டவள் நான், நடத்துகிறவன் கதிரேசன், இருவரும் வர வேண்டும். கதிரேசன் காரில் தேவகியையும் ஏற்றிக்கொண்டு போனோம். வழியில் பஷீர் விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தான். நான்தான் வற்புறுத்தினேன் என்று சொல்லிவிடுங்கள் மிஸ், என் மேல் போலீஸில் சொன்னாலும் பரவாயில்லை என்று அழுதான். பேசாமல் கடையைப் பாருடா என்று அதட்டி வைத்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் கதிரேசன் என்னை ஒரு தூண் ஓரமாக அழைத்துப் போனான். அவனைக் கெட்டவன் என்று நினைக்காதீர்கள், அவன் இல்லாவிட்டால் இந்த வகுப்பே இல்லை. "மிஸ், இது வகுப்புப் பழக்கம்னு மட்டும் உள்ள சொல்லிடாதீங்க," என்றான். "அவ தனியா செஞ்சான்னா அவளோட போகும். நாமதான் பழக்கினோம்னா அந்த நாலு பேரும் போயிருவாங்க. அதுல ரெண்டு பேரு இருந்த வேலைய விட்டுட்டு நிக்கிறாங்க லா."

திரும்பிப் பார்த்தேன். தேவகி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கிறது. மின்தூக்கியில் ஏறியதும் என் முழங்கையைப் பிடித்தாள். "அண்ணன் சொல்றபடியே சொல்லிடுங்க மிஸ். எனக்கு எப்படியும் இல்ல. அவங்களுக்காவது இருக்கட்டும்."

உங்களுக்குப் பாடம் வேண்டுமென்றால் இந்த இடம்தான். அந்த மின்தூக்கி மேலே போய்ச் சேருகிற நேரம்தான் எனக்குக் கிடைத்தது. வங்கியில் எத்தனையோ நெருக்கடி பார்த்தவள் நான், சம்பள நாளில் முழு அமைப்பும் படுத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் இயந்திரம். அதை மறுபடி எழுப்பிவிடலாம். இது அப்படியில்லை. ஒரு பக்கம் நான்கு பேர், அவர்களுக்காகத் தன்னை விட்டுக்கொடுக்கிற ஒருத்தி. இன்னொரு பக்கம், அவள் தனியாகச் செய்தாள் என்று நான் சொன்னால் அந்த அலுவலகத்தில் மிச்சமிருக்கப் போகிற பேச்சு. கண் தெரியாதவளை எடுத்தோம், ஏமாற்றிவிட்டாள் என்பார்கள். அப்புறம் எந்தக் காலத்திலும், எந்தக் கம்பெனியிலும், இன்னொருத்திக்குக் கதவு திறக்காது. அவள் எழுதியதெல்லாம் பஷீர் எழுதியது என்றும் ஆகிவிடும். அதை என்னால் சகிக்க முடியவில்லை.

உள்ளே மேலாளர் இருந்தார். நம் ஆள்தான், சிரம்பான்காரர். ஆன்டி என்று மரியாதையாகத்தான் பேசினார். நான் ஒளிக்காமல் சொன்னேன். இது எங்கள் வகுப்பின் பழக்கம், நாங்கள்தான் பழக்கினோம், அவள் கூப்பிட்டது இந்த ஒரு கட்டத்தை அமுக்க மட்டும், எழுதியதெல்லாம் அவளே என்று. கதிரேசன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு நான் மேலாளரிடம் ஓர் உதவி கேட்டேன். அந்தப் பக்கத்தைத் திறந்து, திரையை அணைத்துவிட்டு, ஸ்கிரீன் ரீடரில் கேளுங்கள் என்றேன். அவர் மறுக்கவில்லை. தேவகியே விசையைத் தட்டினாள். அந்த அறையில் அது ஒவ்வொன்றாகச் சொன்னது. பட்டன். பட்டன். பட்டன். பட்டன். கடைசிவரை அதையேதான் சொன்னது. தண்ணீர் கொண்டுவந்து வைத்த பெண்கூட நின்று பார்த்தாள்.

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கு வருத்தம்தான், அதைப் பார்த்தேன். "கேக்கவே கஷ்டமா இருக்கு ஆன்டி. கட்டாயம் பாக்கச் சொல்றேன். ஆனா அது ஒரு டிக்கெட், இது ஒரு டிக்கெட். ரெண்டையும் ஒண்ணாக்க முடியாது."

"ஒண்ணுனாலதானே இன்னொண்ணு வந்துச்சு," என்றேன்.

"தெரியுது. ஆனா எனக்கு மேல இருக்கறவங்களுக்கு அப்படி எழுத முடியாது."

அவ்வளவுதான். தேவகியின் அனுமதி அட்டையைக் கேட்டார்கள். கழுத்திலிருந்து கழற்றி, கயிற்றை அழகாகச் சுற்றி மேசையில் வைத்தாள். எழுந்தபோது அவள் கை நாற்காலியின் முதுகில் ஒரு நொடி இருந்தது. அது சுற்றும் நாற்காலி. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் அந்த நான்கு பேருக்கும் கடிதம் வந்தது, ஆள் எடுப்பது தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது என்று. தள்ளி வைத்தது வைத்ததுதான். ஒருவன் இப்போது கார் ஓட்டுகிறான். ஒருத்தி டெங்கிலில் அக்காவின் சாப்பாட்டுக் கடையில் நிற்கிறாள். மற்ற இருவரும் என் அழைப்பை எடுப்பதில்லை, எடுக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. வெளியாள் நுழைந்த வழியை அந்த நிறுவனம் அன்றைக்கே அடைத்துவிட்டது. தேவகியின் படத்தை மட்டும் எடுக்கவில்லை. அவர்கள் இணையத்தளத்தில், எல்லாருக்கும் இடமுண்டு என்ற வாசகத்துக்குக் கீழே இன்றும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

உண்மையைச் சொன்னது சரிதானா என்று கேட்பீர்கள். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் உண்மையைச் சொன்னால் கடைசியில் ஏதாவது நன்மை விளையும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அவர்கள் இந்த மாதிரி ஓர் அறையில் உட்கார்ந்ததில்லை. என்னால் ஐந்து பேருக்கு வேலை போயிற்று. எனக்கு அதில் ஆறுதல் சொல்ல வராதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

தேவகி பழைய கடைக்கே திரும்பிவிட்டாள். பல வாரம் எனக்கு அங்கே போகக் கால் வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். மத்தியானம், கூட்டமில்லை. குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். என் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு, வாங்க மிஸ், முட்டி எப்படி இருக்கு என்றாள். உட்காருங்கள், பிடித்துவிடுகிறேன் என்றாள். வேண்டவே வேண்டாம் என்றேன். அவள் கையில் என் காலைக் கொடுக்க என்னால் முடியாது.

கொஞ்ச நேரம் வீட்டுக் கதை பேசினோம். பிறகு கேட்டாள். "அந்த மாத்தத்தை ஏத்திட்டாங்களா மிஸ்? பட்டனுக்குப் பேரு வச்சது?"

வங்கியில் என்னோடு முன்பு வேலை பார்த்த ஒருவன் அந்த நிறுவனத்தில் இருக்கிறான். அவனிடம் கேட்டிருந்தேன். அவள் கணக்கை மூடியபோது, அவள் பெயரில் நின்ற வேலைகளையும் ஆள் இல்லை என்று சேர்த்து மூடிவிட்டார்களாம். பக்கம் பழையபடியேதான் இருக்கிறது. மேலாளர் பார்க்கச் சொன்ன டிக்கெட், அவசரமில்லாதது என்ற இடத்திலேயே கிடக்கிறது. பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அவள் போய்ப் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் முடியவில்லை. "இல்லம்மா, மூடிட்டாங்க," என்றேன்.

துண்டை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை.

"பஷீர் ஃபோன் பண்றான், நான்தான் எடுக்கறதில்ல," என்றாள் பிறகு. "அவன் மேல கோவம் இல்ல மிஸ். அவன மாதிரி யாரு இருக்கா? ஆனா அவன் இல்லாட்டி நான் முதல் வாரமே கத்தியிருப்பேன். வகுப்புலயே கத்தியிருப்பேன், இந்த பட்டனுக்கெல்லாம் பேரு இல்ல, என்னால முடியலன்னு. அப்ப யாராவது கேட்டிருப்பீங்க. அவன் கையிருந்ததுனால நானும் கத்தல, நீங்களும் கேக்கல."

அந்தப் பொறுமையைத்தானே நாங்கள் படம் எடுத்துப் போட்டோம்.

உள்ளேயிருந்து ஒரு பெண் தடவித் தடவி வந்து மடித்த துண்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். தேவகி அவள் போகும்வரை இருந்துவிட்டு, "கஸ்தூரி. நல்ல மூளை மிஸ். என் லேப்டாப்ப வச்சித் தானா கத்துக்கிட்டிருக்கா. சனிக்கிழமை அனுப்பறேன்," என்றாள்.

"எதுக்கும்மா? இவ்ளோ ஆனதுக்கு அப்புறமுமா?"

"வேற எங்க போவா?" என்றாள். குரலில் கோபமில்லை, நம்பிக்கையும் இல்லை. மழை வந்தால் குடை எடுக்க வேண்டும் என்பது போலச் சொன்னாள். நான் எழுந்து வாசலுக்கு வந்த பிறகு கூப்பிட்டாள்.

"மிஸ், ஒண்ணே ஒண்ணு. அவ பக்கத்துல யாரையும் உக்கார வைக்காதீங்க."

அவள் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண்ணைக் கூட்டத்துக்கு நடுவில் தனியாக உட்கார வைப்பதற்கா இந்த வகுப்பைத் தொடங்கினோம்? பெயரில்லாத பட்டனை அவள் கேட்கும்போது, அமுக்கிவிட ஆள் இல்லாமல் கத்துவாள். அதைப் பார்த்துக்கொண்டு உங்களால் சும்மா இருக்க முடியுமா? என்னால் முடியாது, அதனால்தான் முட்டியைச் சாக்குச் சொல்லி ஓடுகிறேனோ என்றுகூட சில நேரம் நினைக்கிறேன். நீங்கள் சும்மா இருக்க வேண்டும். கையை நீட்டாதீர்கள். அவள் கத்துவதை எழுதிக்கொண்டு, அந்தப் பக்கத்தைச் செய்தவனைத் தேடிப் போய் அவன் வாசலில் உட்காருங்கள். அவன் கெஜாப் என்பான். உட்கார்ந்தே இருங்கள். அவன் செய்துவிடுவான் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. உங்களுக்கு இன்னும் வயசிருக்கிறது.

நேற்று கடைசியாக ஒரு தடவை மாடியேறிப் போனேன். கஸ்தூரிக்கு ஜன்னலோர மேசையை ஒதுக்கி, சுவரைத் தொட்டுக்கொண்டே வந்து சேர வசதியாக வழியிலிருந்த பெட்டிகளை நகர்த்தி வைத்தேன். பக்கத்து நாற்காலியை எடுத்துப் பின்னறையில் வைத்துக் கதவைப் பூட்டிவிட்டேன். சாவி கதிரேசனிடம் இருக்கிறது.

சனிக்கிழமை பஷீரும் வருவான். இத்தனைக்குப் பிறகும் அவன் ஒரு வாரம்கூட விட்டதில்லை, கடையை அத்தாவிடம் விட்டுவிட்டு வந்துவிடுகிறான். புதிதாகக் கண் தெரியாத பெண் ஒருத்தி வந்திருக்கிறாள் என்றால் நேரே அவள் மேசைக்குத்தான் போவான், போய் நாற்காலியைத் தேடுவான். கேட்பான். கொடுக்காதீர்கள். ஏன் என்று கேட்டால் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவனுக்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.